குன்னூர் வளைவில் வண்டி நின்றுபோனால்: ஐடிலிங் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கல்லாறு, பர்லியார் எல்லாம் தாண்டும்வரை வண்டி நன்றாகத்தான் இழுத்திருக்கும். குன்னூருக்குள் நுழைந்து, பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் என்ஜின் ஒருமுறை குலுங்கி நின்றுவிடும். செல்ஃப் அடித்தால் உடனே எடுக்கும். ஐம்பதடி நகர்ந்து பிரேக் பிடித்தால் மறுபடி நிற்கும். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். கீழே ஒரு நாளும் இப்படி ஆகவில்லையே என்று கைகால் பதறும்.

நீலகிரிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் முதல் கார் வாங்கியவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கோளாறைப் பற்றித்தான். எனக்கும் இது நடந்திருக்கிறது. 12 வருடம் ஓடிய பெட்ரோல் கார். ஒரு பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். அடுத்த வாரமே மறுபடி நின்றது. அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள், அதற்கும் பயனில்லை. கடைசியில் பார்த்தால், விரல் நீளமுள்ள ஒரு ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் வெடிப்பு. கால் மணி நேரம் பொறுமையாகத் தேடியிருந்தால் முதல் நாளே கிடைத்திருக்கும். அந்தப் பணம் போன வருத்தம் இன்னும் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களுக்காவது அப்படிப் போகக் கூடாது என்பதால், எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை விளக்கமாக எழுதுகிறேன். இதில் வருவதெல்லாம் பெட்ரோல் வண்டிக்குத்தான். டீசல் வண்டி ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல் என்ஜின் ஓடும்போது) நின்றால் முதலில் டீசல் ஃபில்டரையும் அதில் தேங்கும் தண்ணீரையும் பாருங்கள். மற்றபடி அதன் வழி வேறு.

வளைவிலேயே நின்றுவிட்டால்

கோளாறைத் தேடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலையில் வண்டி அடிக்கடி நின்றுபோகும் இடம் கொண்டை ஊசி வளைவுதான். கிளட்சை அமுக்குகிறோம், பிரேக் மிதிக்கிறோம், என்ஜின் வேகம் சட்டென்று ஐடிலிங்குக்கு இறங்குகிறது, அங்கே நிலைக்க முடியாமல் நின்றுவிடுகிறது.

என்ஜின் நின்றதும் பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீயரிங் கனத்துவிடும். திருப்ப முடியும், பலம் அதிகம் வேண்டும், அவ்வளவுதான். பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். பிரேக் மிதிக்கும்போது நமக்கு உதவும் பூஸ்டர், என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தை (வேக்குவம்) வைத்துத்தான் வேலை செய்கிறது. என்ஜின் நின்றபின் அதில் மிச்சமிருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். ஒரே அழுத்தமாக அமுக்கிப் பிடியுங்கள். சாவியை லாக் வரை திருப்பிவிடக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் 2ஆம் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது நின்றால், சாவி ஆனில் இருக்கட்டும், கிளட்சை மெதுவாக விடுங்கள். சக்கரமே என்ஜினைச் சுற்றிவிடும், பெரும்பாலும் மறுபடி எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டாலும் கியரின் பிடிப்பு வேகத்தைக் குறைக்கும்.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, ஹேண்ட்பிரேக் போடுங்கள். வண்டி மேல்நோக்கி நின்றால் 1ஆம் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியர். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் போடுங்கள். முன்சக்கரத்தை மலைப்பக்கமாகத் திருப்பி, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. வளைவுக்கு முந்தியே, வருகிறவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை மறக்காமல் எடுத்து ஓரமாகப் போட்டுவிடுங்கள். நடுரோட்டில் கிடக்கும் கல்லில் இருட்டில் பைக்கை ஏற்றி விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. பெட்ரோல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. இன்ஜெக்ஷன் வண்டிகள் கியரில் இறங்கும்போது பெட்ரோலைத் தானாகவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்காகப் பெட்ரோல் எரியும். அதில் வண்டியும் நின்றுபோனால், கியரின் பிடிப்பும் இல்லை, பூஸ்டரும் இல்லை. கல்லட்டி இறக்கத்தில் 36 வளைவு இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மேலே வந்ததும் ஏன் இப்படி ஆகிறது

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் சுமார் 1,850. ஊட்டி சுமார் 2,240. ஊட்டியில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான்.

ஐடிலிங் என்றால், ஆக்சிலேட்டரில் கால் இல்லாதபோது என்ஜின் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டிருப்பது. சூடான என்ஜின் பெரும்பாலான வண்டிகளில் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று சுற்றும். அப்போது காற்று நுழையும் திராட்டில் மடல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதன் விளிம்பில் இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாகவோ, பக்கத்தில் இருக்கும் சின்னப் பாதை வழியாகவோதான் காற்று போகும். எவ்வளவு காற்று போகிறது என்று அளந்து, அதற்கேற்பப் பெட்ரோலை வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர் விடுகிறது.

காற்று லேசான ஊட்டியில் அதே அளவு காற்று உள்ளே போக வேண்டுமென்றால், அந்த இடுக்கு கால் பங்குக்கு மேல் பெரிதாகத் திறக்க வேண்டும். சுத்தமான வண்டி இதைத் தானாகச் சமாளித்துக்கொள்ளும். மடலின் விளிம்பில் வருடக்கணக்கில் கரி படிந்திருந்தால் கம்ப்யூட்டர் திறக்கக்கூடிய எல்லை கீழேயே பாதி தீர்ந்திருக்கும். மேலே வந்ததும் மீதியும் தீர்ந்துவிடும். கோவையில் மறைந்திருந்த கோளாறு குன்னூரில் வெளியே தெரிவது இப்படித்தான்.

குளிரும் சேர்ந்துகொள்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில், என்ஜின் ஆயில் கெட்டியாகிச் சுற்றுவதே பாரமாக இருக்கும். பெட்ரோலும் சரியாக ஆவியாகாது.

அப்புறம், பலர் கவனிக்காத ஒன்று: ஏசி. "நான் மலையில் ஏசியே போடுவதில்லை" என்பார்கள். மூடுபனியில் முன்கண்ணாடி வேர்க்கிறது என்று கண்ணாடிக்குக் காற்று விடும் பட்டனை அழுத்தியிருப்பார்கள். பல வண்டிகளில் அந்தப் பட்டனை அழுத்தினாலே ஏசி கம்ப்ரசரும் ஓடத் தொடங்கிவிடும். கூடவே ஹெட்லைட், ஃபாக் லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர். இத்தனை பாரமும் ஐடிலிங்கில் திணறும் என்ஜின் தலையில்தான் விழுகிறது.

எப்போது நிற்கிறது என்று எழுதிவையுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நீங்கள் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள். மூன்று நாளைக்கு ஒரு சின்ன நோட்டில், வண்டி எப்போது நின்றது, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று குறித்துவையுங்கள்.

எப்படி நிற்கிறது என்பதில் தொடங்குங்கள். சுவிட்சை அணைத்தது போல் பட்டென்று நின்றால், மின்சாரப் பக்கம் தேட வேண்டும்: சென்சார், காயில், வயர், ரிலே. குலுங்கி, மூச்சுத் திணறி, மெதுவாக இறங்கி நின்றால் காற்று அல்லது பெட்ரோல் பக்கம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

காலைக் குளிரில் மட்டும் நின்று, சூடானபின் சரியாகிவிட்டால், திராட்டில் கரி, பழைய பிளக், அல்லது கூலன்ட் வெப்பத்தைச் சொல்லும் சென்சார் மேல் சந்தேகப்படலாம். அந்த சென்சார் தவறாகச் சொன்னால், என்ஜின் ஏற்கெனவே சூடாக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். நேர்மாறாக, ஏறி முடித்துச் சூடானபின் பட்டென்று நின்று, அரை மணி நேரம் ஆறியபின் ஒன்றும் நடக்காதது போல் எடுத்தால், என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். அது சூட்டில் செயலிழந்து, ஆறினால் உயிர்பெறும். வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் நின்றால் பூஸ்டரும் அதன் ஹோஸும். பெட்ரோல் போட்ட பங்கிலிருந்து கிளம்பும்போதெல்லாம் தடுமாறினால் டேங்க் ஆவியை என்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்கிறது. மழை, மூடுபனி நாளில் மட்டும் என்றால் பிளக் வயரும் காயிலும். பேட்டரி மாற்றிய மறுநாளிலிருந்து என்றால், கோளாறே இல்லாமல் இருக்கலாம். கம்ப்யூட்டர் தான் கற்றுவைத்திருந்த ஐடிலிங் அளவை மறந்திருக்கும்.

ஸ்டார்ட் ஆகி இரண்டே நொடியில் நின்று, மீட்டரில் சாவி படம் மினுக்கினால் அது இம்மொபிலைசர், அதாவது திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு. வேறு சாவியை வைத்துப் பாருங்கள்.

புதிதாக ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஏற்றத்தில் கிளட்சைச் சீக்கிரம் விட்டதால் நிற்கிறதா? கிளட்சை முழுதாக அமுக்கி, நியூட்ரலில் நிற்கும்போதும் நின்றால்தான் இது ஐடிலிங் கோளாறு.

கைப்பொருள் செலவில்லாமல் பார்க்க வேண்டியவை

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு பானெட்டைத் திறங்கள். குளிருக்குப் பயந்து ஷெட்டுக் கதவை மூடிக்கொண்டு என்ஜினை ஓட்டிப் பார்க்காதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும். வெளியே, திறந்த இடத்தில்தான் எல்லாம் செய்ய வேண்டும்.

பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது? கேட்கத் தேவையில்லாத கேள்வி போலத் தோன்றும். செங்குத்தான ஏற்றத்திலும் வளைவிலும் டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். மலையில் கால் டேங்குக்குக் கீழே இறக்காமல் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து எலி. மலை ஊர்களில் இரவுக் குளிருக்குச் சூடான என்ஜின்தான் எலிக்கு மெத்தை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் காய்ந்த இலையும் துணிப் பஞ்சும் வைத்துக் கூடு கட்டியிருக்கும். வயரையும் மெல்லிய ஹோஸையும் கடித்து வைத்திருக்கும். டார்ச் அடித்து ஓரமெல்லாம் பாருங்கள். புழுக்கை கண்ணில் பட்டால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு வயரையும் விரலால் தடவிப் பாருங்கள், என்ஜின் அணைந்திருக்கும்போது. ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாத அளவுக்கு அழுக்கோ ஈரமோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பேட்டரி டெர்மினலில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடைத்து இறுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால், என்ஜின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். எல்லா லைட்டையும் போட்டபின் ஐடிலிங்கில் 13-க்குக் கீழே போனால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் கவனிக்க வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். ஊட்டியில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் போனதும் பொங்கி முகத்தில் அடித்துவிடும்.

திராட்டில் பாடியைச் சுத்தம் செய்தல்

நான் பார்த்த வண்டிகளில் அதிகமானவை இதிலேயே சரியாகியிருக்கின்றன. வேலை கடினமில்லை, அவசரம் மட்டும் கூடாது.

என்ஜின் ஆறியிருக்கட்டும், சாவியை வெளியே எடுத்துவிடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த குழாயின் கிளாம்பைத் தளர்த்தி, குழாயைக் கழற்றுங்கள். வழியில் சென்சார் வயர் இருந்தால் அதன் பூட்டை அமுக்கி மெதுவாக எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே வட்டமான ஒரு உலோக மடல் தெரியும். அதன் விளிம்பிலும், அது உட்காரும் சுவரிலும் கறுப்பாக ஒரு வளையம் இருந்தால் நீங்கள் தேடிவந்தது அதுதான்.

திராட்டில் பாடி கிளீனர் என்று கேட்டே வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான் ஆகும். அதைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராக உள்ளே பீய்ச்சினால் கரைந்த கரியெல்லாம் என்ஜினுக்குள்ளும் மோட்டாருக்குள்ளும் போகும். ஓரங்களுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். ஆக்சிலேட்டர் கேபிள் உள்ள வண்டியில் கேபிள் பக்கமிருந்து மடலைத் திறந்து பின்பக்கத்தையும் துடைக்கலாம். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டிலில் மடலை விரலால் பலமாகத் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பல்சக்கரம் பழுதாகும். சாவி ஆனில் இருக்கும்போது விரலை வைக்கவே கூடாது. மோட்டார் மடலைச் சட்டென்று மூடும்.

கேபிள் வைத்த பழைய வண்டிகளில் ஐடிலிங் காற்றை விடும் தனி வால்வு திராட்டில் பாடியின் பக்கத்தில் இருக்கும். அதையும் கழற்றி, முனையையும் அது உட்காரும் குழியையும் துடையுங்கள். முனையை இழுத்தோ திருகியோ பார்க்காதீர்கள்.

குழாயில் காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சார் இருந்தால், அதற்கென்று விற்கும் கிளீனரைத் தவிர வேறெதுவும் படக் கூடாது. துணியோ விரலோ பட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்துவிடும்.

எல்லாவற்றையும் மாட்டி, கிளாம்பை இறுக்கிய பிறகு ஸ்டார்ட் செய்தால் முதலில் கொஞ்சம் தடுமாறும், புகை வரும். ஐடிலிங் 1,200, 1,300 என்று உயரமாகவும் நிற்கலாம். பயப்பட வேண்டாம். கரியோடு பழகிய கம்ப்யூட்டர் இன்னும் பழைய அளவுக்கே மடலைத் திறந்து வைத்திருக்கிறது. ஏசி, லைட் எதுவும் போடாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம். பல வண்டிகள் இதிலேயே கற்றுக்கொள்ளும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்துப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை மெக்கானிக்கிடம் முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக் கசிவு

திராட்டிலைத் தாண்டி வேறு வழியில் காற்று உள்ளே போனால், கம்ப்யூட்டரின் கணக்கு தப்பிவிடும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது. ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்றே கொஞ்சம்தான் என்பதால் சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். என் வண்டியை நிறுத்தியது இதுதான்.

முதலில் காது. ரேடியோவை அணைத்து, அமைதியான நேரத்தில் என்ஜினை ஓடவிட்டு, ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை ஹோஸ்கள் பக்கம் நகர்த்துங்கள். "ஸ்ஸ்" என்ற சத்தம் எங்கே கூடுகிறதோ அங்கே நின்று பாருங்கள். சுழலும் பெல்ட்டிலும் ஃபேனிலும் குழாயோ சால்வையோ ஸ்வெட்டர் கையோ சிக்காமல் கவனம். குளிரில் நாம் போர்த்திக்கொண்டு நிற்கிறோம் என்பதே மறந்துவிடும்.

அப்புறம் சோப்புத் தண்ணீர். ஸ்ப்ரே பாட்டிலில் நிரப்பி, ஹோஸ் இணைப்புகளிலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டு என்ஜினில் சேரும் ஓரத்திலும் ஒவ்வோர் இடமாக அடியுங்கள். ஓட்டை இருந்தால் தண்ணீர் உறிஞ்சப்பட்டு ஐடிலிங் சத்தம் மாறும். காயில், ஆல்டர்னேட்டர் மேல் அடிக்காதீர்கள். சிலர் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ அடித்துச் சோதிப்பார்கள். சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கும். வேண்டாம்.

வெடிப்பு பெரும்பாலும் ஹோஸின் வளைவில், அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். என்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியைத் திருப்பி அனுப்பும் பிசிவி ஹோஸ் முதலில் கெடும். ஆயில் ஊறி ஊறி மெத்தென்று ஆகிவிடும். ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பிரேக் பூஸ்டரைத் தனியாகச் சோதிக்கலாம். என்ஜினை அணைத்து, பெடல் கெட்டியாகும்வரை நான்கைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே காலை வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், அல்லது மிதிக்கும்போது காலடியில் "ஸ்ஸ்" என்று கேட்டு ஐடிலிங் குறைந்தால், பூஸ்டரிலோ ஹோஸிலோ கோளாறு. அந்த வண்டியை மலையில் ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

பிளக்கும் காயிலும்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது ஒரு கதை சொல்லும். நுனி இளம்பழுப்பாக இருந்தால் சரி. உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் காற்று அதிகம், கசிவைத் தேடுங்கள். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் என்ஜின் ஆயில் உள்ளே வருகிறது, அது பெரிய வேலை. நான்கில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த சிலிண்டரோடு நில்லுங்கள். தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங்கும் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிடுவது) கூடவே நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. புதுசு வாங்காமலே தெரிந்துவிட்டது.

பிளக் வயர் உள்ள பழைய வண்டியை, கூடலூர் பக்கத்து ஜூலை மழையிலோ கோத்தகிரி பக்கத்து நவம்பர் மழையிலோ, இருட்டில் பானெட்டைத் திறந்து ஓடவிட்டுப் பாருங்கள். வயரைச் சுற்றி நீலப் பொறி ஓடினால் வயர் போய்விட்டது. கையால் மட்டும் தொடாதீர்கள்.

பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளை விரலாலேயே ஏற்றுங்கள். மரை கோணலாக ஏறினால் சிலிண்டர் ஹெட்டே கெட்டுவிடும்.

ஸ்கேனர்

2013-க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். செல்போனோடு சேரும் ப்ளூடூத் ஸ்கேனரை அதில் சொருகி, கோளாறைக் குறிக்கும் எண்ணை, அதாவது கோடை (code), படிக்கலாம். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பி0506 என்றால் ஐடிலிங் இருக்க வேண்டியதைவிடக் குறைவு. பி0300 என்றால் மிஸ்ஸிங், பி0301 முதல் பி0304 வரை எந்த சிலிண்டரில் என்று சொல்லும். பி0335 கிராங்க் சென்சார். கோடு சொல்வது அறிகுறியைத்தான், மாற்ற வேண்டிய பொருளை அல்ல. பி0171 வந்தது என்பதற்காக ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு, ஹோஸ் வெடிப்போடு திரும்பிப் போனவர்கள் உண்டு. கோடை அழிப்பதற்கு முன் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

கோடைவிட எனக்கு அதிகம் உதவியது ஃப்யூயல் ட்ரிம் என்ற எண். கம்ப்யூட்டர் தன் கணக்கைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்பதை அது காட்டும். குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு எண் வரும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலிங்கில் கூட்டல் 20, 25 என்று இருந்து, 2,500 சுற்றில் பிடிக்கும்போது இயல்புக்கு வந்தால் அது காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் சரியாக இருந்து, ரேஸ் செய்யும்போது கூடினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், இன்ஜெக்டர். என் வண்டிக்குப் பம்ப் மாற்றுவதற்கு முன் யாராவது இந்த எண்ணைப் பார்த்திருந்தால் பம்ப் தப்பியிருக்கும்.

பெட்ரோல் பக்கம் என்று தெரிந்தால் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு நொடி "ம்ம்" என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் பம்ப் சுற்றுகிறது. பெட்ரோல் லைனை நீங்களே கழற்றாதீர்கள், உள்ளே அழுத்தம் இருக்கும். வாரக்கணக்கில் ஈரத்தில் நின்ற வண்டியில் தண்ணீர் சேர்ந்த சந்தேகமும் வரலாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஊருக்குப் போகும்போது டேங்கை நிறைத்துவிட்டுப் போங்கள், ஈரக்காற்றுக்கு உள்ளே இடமிருக்காது.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு

பழைய கார்புரேட்டர் வண்டிக்கு உயரம் தெரியாது. கோவையில் விட்ட பெட்ரோலையே ஊட்டியிலும் விடும், காற்றுதான் குறைவு. அதனால் கறுப்புப் புகையும் தள்ளாட்டமும் வரும். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஐடிலிங் ஜெட் அடைத்திருந்தால் காற்று ஊதிச் சுத்தம் செய்யுங்கள், கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடுமுன் அது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலே ட்யூன் செய்த வண்டியைக் கீழே கொண்டுபோனால் பெட்ரோல் போதாமல் திணறும், அங்கே அந்தப் பழைய கணக்கு வேண்டியிருக்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது

"வண்டி நிக்குது, பாருங்க" என்று விட்டுவிட்டு வராதீர்கள். நோட்டைத் திறந்து சொல்லுங்கள்: "அண்ணா, காலையில குளிர்ல மூணு தடவை நின்னுச்சு, சூடானப்புறம் நிக்கல. குலுங்கித்தான் நிக்குது. திராட்டில் துடைச்சாச்சு, பிளக் பார்த்தாச்சு, கோடு எதுவும் இல்ல." நல்ல மெக்கானிக் இதைக் கேட்டதும் தேடலை அங்கிருந்தே தொடங்குவார். எந்தப் பொருளை மாற்றுவதானாலும், எந்தச் சோதனையில் அது கெட்டது என்று தெரிந்தது எனக் கேளுங்கள். கழற்றிய பழைய பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கிராங்க் சென்சார், புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு, பெட்ரோல் பிரஷர், இன்ஜெக்டர் எல்லாம் அவர் கையில் இருக்க வேண்டிய வேலை.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் ஓடியது போதாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, சூடான என்ஜினோடு ஏசி, ஹெட்லைட், வைப்பர், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒருபக்கம் திருப்புங்கள். முள் கொஞ்சம் இறங்கி, ஓரிரு நொடியில் பழைய இடத்துக்கு வர வேண்டும். நியூட்ரலில் 3,000 வரை ரேஸ் கொடுத்துச் சட்டென்று காலை எடுங்கள். பத்து முறை செய்தால் பத்து முறையும் நிற்காமல் ஐடிலிங்கில் உட்கார வேண்டும்.

இரவு முழுக்க வெளியே நிறுத்தி, விடிகாலையில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று காலை நிற்காமல் ஓடினால், முதலில் அரவங்காடு வரை, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, நெரிசல் இல்லாத நேரத்தில் போய்வாருங்கள். அதுவும் சரி என்றால் பர்லியார் வளைவுகளில் 2ஆம் கியரில் இறங்கிப் பார்க்கலாம்.